அஞ்சு ஸ்டார் வாங்கினால் மிச்சம் யாருக்கு? பி.இ.இ.க்கு ஒரு திறந்த மடல்

டெல்லி ஆர்.கே. புரம், சேவா பவனில் இருக்கும் எரிசக்தித் திறன் பணியகத்தாருக்கு (பி.இ.இ.),

வணக்கம். உங்கள் பணியகத்தின் பெயர் எங்கள் பக்கம் பலருக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் ஒட்டச் சொல்லும் ஸ்டார் ஸ்டிக்கரைத் தெரியாத வீடு கிடையாது. ஃப்ரிட்ஜ் வாங்கிப் பல வருடம் ஆகி, கைப்பிடி உடைந்து, கதவில் துரு ஏறிய பிறகும் அந்த ஸ்டிக்கரை மட்டும் கிழிக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. அந்த ஸ்டிக்கரின் வளைவில் "அதிக நட்சத்திரம், அதிக சேமிப்பு" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது பொய் என்று சொல்ல வரவில்லை. சேமிப்பு யாருக்கு என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். கூடுதல் விலை கொடுப்பவர் ஒருவர், மிச்சம் அனுபவிப்பவர் இன்னொருவர் என்ற நிலை தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான சமையலறைகளில் இருக்கிறது, அதை உங்கள் ஸ்டிக்கர் எங்கேயும் சொல்வதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குறை சொல்லவே எழுதினான் என்று நினைப்பீர்கள். 2001ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்து, 2002ல் நீங்கள் வந்து, 2006ல் ஸ்டிக்கர் வந்து, 2010 ஜனவரி முதல் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கு அது கட்டாயம் ஆனது. அதற்கு முன்னால் கடைக்குப் போனால் கலரையும் கதவையும் பார்த்துத்தான் வாங்கினோம், உள்ளே இருக்கும் கம்ப்ரெஸர் எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று கேட்க ஆளும் இல்லை, கேட்டால் சொல்ல ஆளும் இல்லை. வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண்ணைத் தயாரிப்பாளர் கையாலேயே அச்சடிக்க வைத்தது பெரிய காரியம். அந்த எண் இருப்பதால்தான் இந்த மடலையே எழுத முடிகிறது.

ஆனால் கடையில் நடப்பது வேறு. அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை, நட்சத்திரத்தைத்தான் எண்ணுகிறார்கள். "அஞ்சு ஸ்டார் சார், கரண்ட் பில்லே வராது" என்கிறார் விற்பனைப் பையன். வாங்க வந்த அக்கா கணவரைப் பார்க்கிறார், கணவர் விலைச் சீட்டைப் பார்க்கிறார், அப்புறம் "போனா போகுது, கரண்ட்டுல எடுத்துடலாம்" என்று மூன்று ஸ்டாருக்கு வந்தவர்கள் ஐந்து ஸ்டாருக்குத் தவணை போட்டுவிட்டுப் போகிறார்கள். கரண்ட்டில் எடுத்துவிட முடியுமா? அதைத்தான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

எங்கள் ஊர்க் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2016 முதல் அதில் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் கதை மாறும்: அந்த 2.25 ரூபாய்ச் சலுகையே காணாமல் போய், 101லிருந்து 400 வரை எல்லாமே 4.50 ஆகி, 500க்கு மேல் 600 வரை 8 ரூபாய், அதற்கும் மேலே 9, 10, 11 என்று ஏறும். 2024ல் இந்த விலைகள் இன்னும் கொஞ்சம் கூடின. எண்கள் எளிதாக இருக்கட்டும் என்று பழைய விகிதத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஆகவே கீழே வரும் தொகைகளுடன் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஃப்ரிட்ஜுக்கு வருவோம். சமையலறையில் இரவு பகலாக ஓடுவது அது ஒன்றுதான், அதனால் ஸ்டார் பார்த்து வாங்க வேண்டிய முதல் பொருளும் அதுதான். ஒரே அளவில் இரண்டு ஃப்ரிட்ஜ், ஒன்று வருடத்துக்கு இன்னொன்றைவிட 60 யூனிட் குறைவாக எடுக்கிறது, விலையோ 3,000 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். உண்மை வித்தியாசம் ஊருக்கு ஊர், ஆடித் தள்ளுபடிக்கு ஆடித் தள்ளுபடி மாறும், சரி. 60 யூனிட் என்றால் ஒரு பில்லுக்கு 10 யூனிட்.

ஒரு ஃபேன், இரண்டு பல்பு, ஒரு ஃப்ரிட்ஜ் என்று 100 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டில் அந்த 10 யூனிட்டின் மதிப்பு பூஜ்யம். பில் ஏற்கெனவே பூஜ்யம்தான். 3,000 ரூபாய் அதிகம் கொடுத்தவருக்கு ஆயுளுக்கும் ஒரு காசு திரும்பாது. 150, 180 யூனிட் ஓடும் வீட்டுக்கு ஒரு பில்லில் 22 ரூபாய் 50 காசு, வருடத்துக்கு 135 ரூபாய். 3,000ஐ எடுக்க 22 வருடம் ஆகும், அதுவரை ஃப்ரிட்ஜ் இருக்காது. 300, 350 ஓடும் வீட்டுக்கு வருடத்துக்கு 270, அதாவது 11 வருடம். 400க்கு மேல் போனால் 360 ரூபாய், எட்டு வருடத்துக்கு மேல். எல்லா பில்லும் 500ஐத் தாண்டி 600க்குள் நிற்கும் வீடு என்றால் 480 ரூபாய், ஆறு வருடம் சொச்சம். இது பரவாயில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 505 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,990 ரூபாய். அதே வீடு 495ல் நின்றிருந்தால் 1,695. பத்து யூனிட்டுக்கு 295 ரூபாய்! யூனிட் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 30 ரூபாய் வீதம். சரியாக 500லிருந்து 501க்குப் போகும் அந்த ஒரு யூனிட்டின் விலை மட்டும் 233 ரூபாய். அந்த மேட்டின் ஓரத்தில் நிற்கும் வீட்டுக்கு ஐந்து ஸ்டார் ஃப்ரிட்ஜ் உண்மையிலேயே லாபம். அப்படிப்பட்ட வீடும் வருடம் முழுக்க ஓரத்தில் நிற்பதில்லை, ஏசி போடும் கோடையில் ஒன்றிரண்டு பில்தான் அங்கே வந்து முட்டும், மற்ற மாதங்களில் 350ல் இருக்கும். இரண்டு பில் ஓரத்தில், நான்கு பில் 350ல் என்று போட்டால் வருடத்துக்கு 770 ரூபாய் மிச்சம், நான்கு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். கடையில் யாராவது எங்களிடம் "உங்க வீட்ல ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது?" என்று கேட்டிருக்கிறார்களா? அதைக் கேட்காமல் ஐந்து ஸ்டாரையோ மூன்று ஸ்டாரையோ சிபாரிசு செய்வதற்கு அர்த்தமே இல்லை.

இந்தக் கணக்கிலெல்லாம் வராத ஒரு கூட்டம் இருக்கிறது, வாடகை வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரர் ஒரே மீட்டரில் நான்கு குடித்தனம் வைத்து ஆளுக்கொரு சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், சில இடங்களில் பத்து ரூபாய் என்று வசூலிப்பார். 100 யூனிட் இலவசம் அவர்களுக்குக் கிடையாது, யூனிட் ஏற ஏற விலை மாறும் படிநிலையான ஸ்லாபும் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய். வருடம் 60 யூனிட் குறைந்தால் 480 ரூபாய், அதாவது ஏசி வைத்த சொந்த வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் மிச்சம் இவர்களுக்கும் கிடைக்கும். ஸ்டார் அதிகம் பயன்படக்கூடியது இவர்களுக்குத்தான், ஆனால் கையில் மொத்தமாகப் பணம் இல்லாமல் பழைய ஃப்ரிட்ஜ் கடைக்குப் போய் ஸ்டிக்கர் உரிந்த ஒன்றை 4,000, 5,000 ரூபாய்க்கு வாங்கி வருவதும் இவர்கள்தான். அந்தப் பழைய ஃப்ரிட்ஜ் எங்கிருந்து வந்தது? "கரண்ட்டை மிச்சம் பிடிக்கிறேன்" என்று புதிதாக ஐந்து ஸ்டார் வாங்கிய யாரோ ஒருவர் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தது. கரண்ட் குடிக்கும் பெட்டி நாட்டை விட்டுப் போகவில்லை, மாடி வீட்டிலிருந்து ஓட்டு வீட்டுக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் அறிக்கைகளில் மிச்சமான யூனிட் எத்தனை என்று எழுதும்போது இதைக் கழிக்கிறீர்களா?

மிக்சி, கிரைண்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பேச ஒன்றும் இல்லை. டேபிள்டாப் கிரைண்டரின் மோட்டார் 150 வாட், மாவு ஆட்ட முக்கால் மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்கூட வராது, அதில் பாதி வந்தால் அதிகம். மிக்சி 750 வாட் என்று பயமுறுத்தும், ஆனால் சட்னிக்கும் பொடிக்கும் சேர்த்து ஒரு நாளில் பத்து நிமிஷம் ஓடினால் பெரிது. அதில் "மின்சாரம் மிச்சம்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலை கூட்டி விற்றால், சத்தம் குறைவு என்பதற்காக வாங்கலாம், மிச்சத்துக்காக வாங்க வேண்டாம். மாறாக, சமையலறைக்கு வெளியே இருந்தாலும் சொல்கிறேன், ஹாலில் சுற்றும் பழைய 75 வாட் ஃபேனை கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டார் வைத்த 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால், நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் வீட்டில் ஒரு பில்லுக்கு 40 யூனிட் குறையும். மேலே சொன்ன ஃப்ரிட்ஜ் வித்தியாசத்தைவிட நான்கு மடங்கு, செலவோ அதைவிடக் குறைவு. 2023 ஜனவரி முதல் ஃபேனுக்கும் ஸ்டார் கட்டாயம் ஆக்கியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் ஃப்ரிட்ஜ் ஸ்டாரும் ஃபேன் ஸ்டாரும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் மக்கள் இரண்டும் ஒரே அளவு மிச்சம் என்று நினைக்கிறார்கள். கையில் இருக்கும் 3,000 ரூபாயை எங்கே போட்டால் அதிகம் திரும்பும் என்று நட்சத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது இண்டக்ஷன். 2023 நவம்பரில் கோவாவில் தேசியத் திறன்மிகு சமையல் திட்டம் என்று தொடங்கி, 20 லட்சம் இண்டக்ஷன் அடுப்பு கொடுக்கப்போவதாக, மின் சிக்கனத் திட்டங்களை நடத்தும் மத்திய அரசு சார்ந்த நிறுவனமான இ.இ.எஸ்.எல். அறிவித்தது. கேஸ் விலையையும் இறக்குமதியையும் பார்த்தால் யோசனை சரிதான். தமிழ்நாட்டு பில்லில் அதை வைத்துப் பார்த்தேன், சுவாரசியமாக இருந்தது.

14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் சுமார் 180 யூனிட் அளவுக்குச் சூடு இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. தரப்படி கேஸ் அடுப்பு குறைந்தபட்சம் 68 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும், மீதி சமையல்காரர் முகத்துக்கும் சுவருக்கும் போகும். இண்டக்ஷன் 85 சதவீதம் கொடுக்கும் என்று எடுத்தால், ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை அது 145 யூனிட்டில் முடிக்கும். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறிய பிறகு சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. அந்த விலையை வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் எரியும் வீடுகளைப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் ஓடும் வீடு முழுக்க இண்டக்ஷனுக்கு மாறினால் 225 யூனிட் ஆகும், பில் 337 ரூபாய் 50 காசு. சிலிண்டரோடு ஒப்பிட்டால் 531 ரூபாய் மிச்சம். ஏழை வீடுகளுக்கான உஜ்வாலா கேஸ் திட்டத்தில் 300 ரூபாய் மானியம் வரும் வீடாக இருந்தாலும் 231 ரூபாய் மிச்சம். 150 யூனிட் ஓடும் வீட்டில் பில் 112 ரூபாய் 50 காசிலிருந்து 652 ரூபாய் 50 காசாக ஏறும், சிலிண்டர் செலவு போய் 328 ரூபாய் மிச்சம். ஆனால் 380 யூனிட் ஓடும் வீடு மாறினால் 525 ஆகி 500ஐத் தாண்டிவிடும். பில் 1,035லிருந்து 2,150க்குத் தாவும், 1,115 ரூபாய் ஏற்றம். சிலிண்டரே வாங்கியிருந்தால் 868 ரூபாயோடு போயிருக்கும். அடுப்பும் அதேதான், அதில் கொதிக்கும் சாம்பாரும் அதேதான், ஒரு வீட்டுக்கு லாபம், பக்கத்து வீட்டுக்கு நஷ்டம்.

கவனித்தீர்களா, ஃப்ரிட்ஜ் கணக்கு தலைகீழாக நிற்கிறது. ஸ்டார் ஃப்ரிட்ஜால் ஒரு காசும் மிச்சமாகாத ஏழை வீட்டுக்குத்தான் இண்டக்ஷனால் அதிக மிச்சம். ஆனால் ஊரில் இண்டக்ஷன் வைத்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் 380க்கு மேலே ஓட்டுகிறவர்கள், சிலிண்டர் தீர்ந்துபோனால் அவசரத்துக்கு. 80 யூனிட் வீட்டில் சமையலறைச் சுவரில் ஐந்து ஆம்பியர் பிளக் ஒன்றுதான் இருக்கும், அதில் 2,000 வாட் அடுப்பைச் சொருகினால் ஸ்விட்ச் கருகும்; தனி ஒயர் இழுத்து பதினைந்து ஆம்பியர் பாயிண்ட் போட எலக்ட்ரீஷியன் வர வேண்டும். வீட்டில் இருக்கும் இண்டாலியம் சட்டி, அலுமினிய குக்கர், மண்சட்டி, அம்மா வைத்திருக்கும் ஈயச்சொம்பு எதுவும் அதில் சூடாகாது. அடியில் இரும்பு ஒட்டும் குக்கரும் தவாவும் புதிதாக வாங்க வேண்டும். அடுப்பின் விலையை மட்டும் போட்டு "மலிவு" என்று சொல்லும் விளம்பரத்தில் இந்தச் செலவெல்லாம் இருக்காது. 20 லட்சம் அடுப்பு கொடுக்கும் திட்டத்தில் ஒயரும் குக்கரும் சேர்ந்து வருமா என்பதுதான் என் கேள்வி. வராவிட்டால் முக்கால்வாசி பரண் ஏறும்.

கேஸ் அடுப்பு பற்றி யாரும் பேசுவதில்லை, அது பாவம். கேஸுக்கு ஸ்லாப் கிடையாது. முதல் சிலிண்டரும் ஒரே விலை, எட்டாவது சிலிண்டரும் ஒரே விலை, அதனால் மிச்சம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வரும். 68 சதவீத அடுப்பிலிருந்து 74 சதவீத அடுப்புக்கு மாறினால் கேஸ் எட்டு சதவீதம் குறையும், சிலிண்டருக்கு 70 ரூபாய், வருடத்துக்கு ஆறு சிலிண்டர் எரிந்தால் 420 ரூபாய். 3,000 ரூபாய் அதிகம் கொடுத்த ஃப்ரிட்ஜில் நடுத்தர வீட்டுக்குக் கிடைப்பது 270 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். ஆனால் கடையில் அடுப்பை எப்படி விற்கிறார்கள்? மேலே கண்ணாடி என்ன கலர், எத்தனை பர்னர், ஆட்டோ இக்னிஷன் உண்டா. பர்னரின் சதவீதத்தை விற்பனைப் பையனும் சொல்லமாட்டார், வாங்குகிறவரும் கேட்கமாட்டார். உங்கள் ஸ்டிக்கர் உண்மையில் வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான்.

அப்புறம் போர்டு. ஐந்து ஸ்டார் என்றாலே இப்போது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரெஸர், அதை இயக்க உள்ளே ஒரு எலக்ட்ரானிக் போர்டு. கம்ப்ரெஸருக்குப் பத்து வருட வாரண்டி என்று பெரிய எழுத்தில் போடுவார்கள், மொத்த ஃப்ரிட்ஜுக்கு ஒரு வருடம்தான், போர்டு அந்தப் பத்து வருடத்துக்குள் பெரும்பாலும் வராது. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் வோல்டேஜ் எப்படி ஆடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று சொல்லி விற்ற கம்பெனியின் ஆளே வந்து, "சார், வோல்டேஜ்ல போர்டு போச்சு, ஸ்டெபிலைசர் போட்டிருக்கலாமே" என்று என் உறவுக்காரர் வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். போர்டு விலையும் ஆள் கூலியும் சேர்த்து ஆன செலவு, அந்த ஃப்ரிட்ஜ் பல வருடத்தில் மிச்சம் பிடித்திருக்கக்கூடிய தொகையைவிட அதிகம். பழைய மாடல் என்றால் ரிலே போய்விட்டது என்று தெருமுனை மெக்கானிக் சில நூறு ரூபாயில் முடித்துக் கொடுத்திருப்பார். கரண்ட் குறைவாக எடுக்கிறது என்பதற்காக ஒரு பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறீர்கள், அது ஐந்து வருடம் ஓடுமா, போர்டு கெட்டால் என்ன விலை என்பதற்கு நட்சத்திரமே கிடையாது. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. நீங்களும் அவர்களும் ஒரே ஊரில்தான் இருக்கிறீர்கள், ஒருமுறை கூடிப் பேசலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு "அப்படியென்றால் ஏழை வீட்டில் மூன்று ஸ்டாரே போதும் என்கிறீர்களா" என்று கேட்பீர்கள். வாங்குகிறவரின் பணப்பையை மட்டும் பார்த்தால், ஆமாம், 200 யூனிட்டுக்குள் ஓடும் சொந்த வீட்டுக்கு மூன்று ஸ்டார் போதும், மீதிப் பணத்தில் ஃபேனை மாற்றலாம். ஆனால் நாட்டுக்கு அது நல்லதில்லை, அதுதான் சிக்கல். 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் 10 யூனிட் குறைந்தால் அந்த வீட்டுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அந்த 10 யூனிட்டை உற்பத்தி செய்து, வாங்கி, கம்பியில் இழப்புக் கொடுத்து அனுப்பும் செலவு மின்வாரியத்துக்கு மிச்சம், அந்த இலவசத்துக்காக வாரியத்துக்கு மானியம் கட்டும் மாநில அரசுக்கு மிச்சம். அதாவது கூடுதல் 3,000 ரூபாயைக் கூலி வேலைக்குப் போகும் வீடு கட்டுகிறது, பலன் கோட்டைக்கும் மின்வாரியத்துக்கும் போகிறது. இதை ஸ்டிக்கரில் "அதிக சேமிப்பு" என்று எழுதி அந்த வீட்டுக்கே விற்பது நியாயமாகப் படவில்லை. மிச்சம் யாருக்குப் போகிறதோ அவர்கள் அந்த 3,000ல் பெரும்பகுதியைக் கொடுக்கட்டும்.

முடியாத காரியம் இல்லை. மத்திய அரசின் மலிவு விலை பல்புத் திட்டமான உஜாலாவில் லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கியதால் 2014ல் 310 ரூபாய்க்கு வாங்கிய எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2016ல் 38 ரூபாய்க்கு இறங்கியதே. தமிழ்நாடு அரசும் 2011ல் மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று வீடு வீடாகக் கொடுத்து, மொத்தக் கொள்முதல் எப்படிச் செய்வது என்று தெரிந்துவைத்திருக்கிற அரசுதான். ஃப்ரிட்ஜை இலவசமாகக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. ஓட்டு வீட்டில் ஓடும் பதினைந்து, இருபது வருடப் பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு, அதைத் திரும்பச் சந்தைக்கு விடாமல் உடைத்து, சிறிய அளவில் ஐந்து ஸ்டார் ஒன்றை மூன்று ஸ்டார் விலைக்குக் கொடுங்கள். பழையதை மாற்றும்போது குறையும் யூனிட், புதிய மூன்றுக்கும் புதிய ஐந்துக்கும் இடையிலான வித்தியாசத்தைவிடப் பல மடங்கு. உங்கள் கையில் இருக்கும் பணத்துக்கு அதிக யூனிட் கிடைப்பதும் அங்கேதான்.

ஸ்டிக்கரைப் பற்றி ஒரு கோரிக்கை. அமெரிக்காவில் மஞ்சள் லேபிளில் வருடத்துக்கு எத்தனை டாலர் ஆகும் என்று பெரிதாக எண் போடுகிறார்கள். இங்கே மாநிலத்துக்கு மாநிலம் கட்டணம் வேறு என்று சொல்வீர்கள், தெரியும். அதனால் ஒரே தொகை போட வேண்டாம். "யூனிட் 2 ரூபாய் கட்டுபவருக்கு வருடத்துக்கு இவ்வளவு, 5 ரூபாய் கட்டுபவருக்கு இவ்வளவு, 8 ரூபாய் கட்டுபவருக்கு இவ்வளவு" என்று மூன்று வரி போதும், அதையும் விற்கும் மாநிலத்தின் மொழியில் போடுங்கள். ஆப் இருக்கிறது, அதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பதில் சொல்லாதீர்கள், தவணைக்கு ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் நிற்கும்போது யாரும் ஆப் இறக்கிப் பார்ப்பதில்லை. அப்புறம், நட்சத்திரத்துக்கான அளவுகோலைச் சில வருடத்துக்கு ஒருமுறை இறுக்குகிறீர்கள், அது சரிதான். ஆனால் அன்றைய ஐந்து ஸ்டார் இன்றைக்கு மூன்றோ நான்கோதான் என்பது தெரியாமல், கடையில் மீந்துபோன பழைய வருடத்து ஐந்து ஸ்டாரைப் புதிய ஐந்து ஸ்டாரின் விலைக்கு வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வருடம் வரை செல்லும் என்று லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைக் கொஞ்சம் பெரிதாக்கினால் என்ன குறைந்துவிடும்?

இந்த மடலின் நகல் ஒன்று எங்கள் மின்வாரியத்துக்கும் போகிறது. அவர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. கணக்கெடுப்பாளர் மீட்டர் பார்த்துவிட்டுப் போனதும் போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது, எத்தனை யூனிட், எவ்வளவு ரூபாய், கடைசித் தேதி என்ன என்று. அதோடு ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: "இந்த முறை நீங்கள் கடைசியாகச் செலவழித்த யூனிட்டின் விலை இவ்வளவு." அந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், எத்தனை ஸ்டார் வாங்குவது என்பதை நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து மின் நுகர்வோர் ஒருவர்